இருபத்திரண்டு அரைப் பேர்

ஜீவராணியைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய மகள் படித்த வகுப்புக்கு இருபத்திரண்டு சைபர் போட்டவள் நான்தான். என் பெயர் மயூரி. சொந்த ஊர் யாழ்ப்பாணம். பதுளையில் பதினொரு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். தமிழில் எனக்குத் தெரியாத சொல் இருக்கிறதென்று அந்த நாளில் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பரீட்சை அது. ஒரே கேள்வித்தாளை ஒவ்வொரு நாடும் தன் மொழியில் போட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்து, யார் மேலே, யார் கீழே என்று வரிசைப்படுத்துவார்கள். எங்களை அந்த வரிசையில் சேர்க்கும் முன் ஒரு ஒத்திகை வைத்தார்கள். ஊவா மாகாணத்தில் சில பாடசாலைகள் அதில் அகப்பட்டன. ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் இருக்கும் ஒரு தோட்டத்துப் பாடசாலையும் அவற்றில் ஒன்று. தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே அதைப் போதுமான அளவுக்குக் கெடுத்தாகிவிட்டது. அங்கே ஒன்பதாம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள் எழுதினார்கள்.

விடைத்தாள் திருத்த என்னையும் கூப்பிட்டார்கள். எது சரி, எது பிழை என்று எழுதிய தடித்த வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைக் கையில் தந்தார்கள். சொந்தமாக யோசிக்கிற வேலை எங்களுக்கு வைக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒரு வாசிப்புப் பகுதி இப்படிப் போனது. அம்மாவும் அப்பாவும் விடியும் முன்பே மலைக்குப் போனார்கள். சிறிது நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டார்கள். அன்று முழுவதும் இருவரும் அதிகம் பேசவில்லை. ஏன்?

எந்த நாட்டில் யார் எழுதியதோ, கொழும்பில் யாரோ தமிழாக்கியிருந்தார்கள். வழிகாட்டிப் புத்தகம் சொன்ன விடை: மலையுச்சியை அடைய முடியாத ஏமாற்றம். விடுமுறை நாள் மழையால் கெட்டுப்போனது என்று எழுதினாலும் புள்ளி உண்டு.

நான் எடுத்த முதல் தாளில் "அரைப் பேர்" என்று மட்டும் இருந்தது. அடுத்ததில் "அரைப் பேர்தான் கிடைக்கும் என்பதால்." அதற்கடுத்ததிலும் அதுவே. பேரில் பாதி என்றால் என்ன? பெயரை யாரும் பாதியாக வெட்டினார்களா? இருபத்தாறு தாளில் இருபத்திரண்டில் அந்த இரண்டு சொல். மூன்று பேர் ஒன்றும் எழுதவில்லை. ஒரே ஒரு பிள்ளை ஏமாற்றம் என்று எழுதி முழுப் புள்ளி வாங்கியது.

பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு முட்டாளைப் பார்த்து இருபத்தொரு பேர் முட்டாளாகியிருக்கினம் என்று பக்கத்திலிருந்த ஆசிரியையிடம் சொல்லிச் சிரித்தேன். சைபர் சைபராகப் போட்டுக்கொண்டே போய், குறிப்பு எழுதும் இடத்தில் "பார்த்து எழுதியதாகச் சந்தேகம்" என்று எழுதினேன். அதையும் நல்ல வடிவான கையெழுத்தில் எழுதித் தொலைத்தேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் ஜீவராணியைப் பார்த்தேன். பரீட்சை முடிவுகளை வைத்து, அதை நடத்திய கொழும்புத் திட்ட அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சிறிய பாடசாலைகளில் சாதாரண தர வகுப்புகளை நடத்துவது வீண். அந்தத் தோட்டத்துப் பள்ளியின் பத்தாம், பதினோராம் வகுப்புகளை மூடிவிட்டுப் பிள்ளைகளை ஹாலிஎலவில் ஒரு பெரிய பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். இதைப் பெற்றோருக்கு விளக்கிச் சம்மதக் கையெழுத்து வாங்க ஆரூரன் என்ற இளம் அதிகாரியை அனுப்பினார்கள். இந்தப் பக்கம் தெரிந்தவள் என்று என்னையும் அவரோடு கூட்டிவிட்டார்கள். இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த லட்சணத்தை இனிப் பார்க்கத்தானே போகிறீர்கள்.

ஹாலிஎலவிலிருந்து நஸீரின் ஆட்டோவில் ஏறினோம். பாதை பாதையாகவே இல்லை. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். பிள்ளைகள் தினமும் இந்த வழியாகவா வரப்போகிறார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் பிறகு பாப்பம் டீச்சர்" என்றார் ஆரூரன். அவருடைய சப்பாத்து முழுக்கச் சேறு.

மண்டபத்தில் நாற்பது ஐம்பது பெண்கள் இருந்தார்கள். வேலை முடிந்து நேரே வந்தவர்கள். ஆரூரன் சுவரில் ஒரு படம் காட்டினார். மேலே சில நாடுகள், நடுவில் சில நாடுகள், அடியில் சிவப்பாக ஒரு புள்ளி. "இதுதான் உங்கட பிள்ளைகள் நிக்கிற இடம்" என்றார். அதிபர் நிமலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மழைக்கு இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஒரு பெண் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மெலிந்த உடம்பு. விரலெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை. பின்னாலிருந்து யாரோ "வக்கீலம்மா வந்தாச்சு" என்றார்கள். லேசாகச் சிரிப்பு எழுந்தது. அவர்தான் ஜீவராணி, பெற்றோர் சங்கத்துச் செயலாளர்.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததல்ல. எந்தத் தாளையும் முழுக்கப் படிக்காமல் ஜீவராணி கையெழுத்துப் போட மாட்டார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. வகுப்பில் முதலாவதாக வந்தவர். அதற்கு மேல் படிக்கப் பதுளைக்குப் போக வேண்டும். பொம்பளப் பிள்ளை அவ்வளவு தூரம் தனியாகப் போய் வருவதா என்று அப்பா நிறுத்திவிட்டார். பதுளை தூரம் என்று சொன்ன அதே அப்பா, அடுத்த வருடம் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார். அங்கே ஜீவராணி மூன்று வருடம் கோப்பை கழுவினார். திரும்பி வந்து தோட்டத்தில் பேர் பதிந்தார், கொழுந்து எடுத்தார், கல்யாணம் முடித்தார். கணவர் கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார்.

மகள் விதுஷா பாலர் வகுப்பில் சேர்ந்த வருடமே ஜீவராணி தொடங்கிவிட்டார். இன்னும் ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சாதாரண தர வகுப்பு வேண்டுமென்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். வாசலில் உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தார். நாளைக்கு வா என்றார்கள், நாளைக்கும் போனார். இரண்டு வருடம் கழித்து அனுமதி வந்தபோது கட்டடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் தலையில் மணல் சுமந்து கட்டிய அறை அது. முதல் தடவை பதினொரு பேர் சோதனை எழுதி நாலு பேர் சித்தியடைந்தார்கள். அதில் ஒருத்தி இன்றைக்குத் தாதியாகப் படிக்கிறாள். அந்த அறையைத்தான் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி மூட வந்திருந்தோம்.

"சேர், ஒரு விசயம் கேக்கலாமுங்களா?" என்று ஜீவராணி எழுந்தார். "எங்க புள்ளைங்க எந்தக் கேள்விக்குத் தப்பா எழுதுனாங்க?"

"அதைச் சொல்ல ஏலாது அம்மா. கேள்விகள் இரகசியம். அடுத்த முறையும் பாவிக்கிறதுக்கு வச்சிருக்கினம்."

"தப்பு என்னான்னு சொல்ல மாட்டீங்க. ஆனா வகுப்ப மூடுவீங்க."

ஆரூரன் நிதானமாகத்தான் பேசினார். கெட்ட மனிதர் அல்ல. உலகத்திலுள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டால்தான் எங்களுடைய குறை தெரியும் என்றார். அது பொய்யும் அல்ல. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொரு பிரச்சினையும் இருக்கு. ஒரு கேள்விக்குக் கிட்டத்தட்ட முழு வகுப்பும் ஒரே விடையை எழுதியிருக்கு. பார்த்து எழுதியிருக்கினம் எண்டு அறிக்கையில இருக்கு" என்றார்.

என் கையெழுத்துத்தான் அது.

ஜீவராணியின் முகம் மாறிவிட்டது. "களவு எழுதுனாங்கன்னா சொல்றீங்க?" பின்னால் திரும்பி, கதவோரம் நின்ற மகளைக் கூப்பிட்டார். "விதுஷா, இங்க வா. எல்லாரும் ஒண்ணு போல எழுதுன கேள்வி எது?"

விதுஷா ஒரு கணமும் தயங்கவில்லை. கேள்வித்தாள் இரகசியமாம்! பிள்ளைகளுக்கு அது அட்சரம் பிசகாமல் மனப்பாடம். "அம்மாவும் அப்பாவும் வெள்ளனவே மலைக்குப் போனாங்க. பெரிய மழ பிடிச்சிருச்சு. பத்து மணிக்கே திரும்பி வந்துட்டாங்க. அன்னைக்குப் பூரா ரெண்டு பேரும் பேசிக்கல. ஏன்னு கேட்டிருந்தாங்க."

ஜீவராணி மகளிடம் விடையைக் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "ஏன்?"

"அரப் பேரு!"

ஐம்பது குரல் ஒன்றாக வந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பரீட்சைத் தாளைக் கண்ணாலும் காணாத பெண்கள். ஒரு கிழவி, "பத்து மணிக்கு எறங்குனா கிலோ எப்படிப் பத்தும்? அரப் பேருகூட சந்தேகந்தான்" என்று தனியாக முணுமுணுத்தார்.

ஆரூரன் என்னைப் பார்த்தார். நான் அதிபரைப் பார்த்தேன். நிமலன் மெதுவாக விளக்கினார். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை மலை. மலைக்குப் போவதென்றால் வேலைக்குப் போவது. ஒருநாள் வேலை ஒரு பேர். கொழுந்து குறைந்தாலோ இடையில் இறங்கினாலோ அரைப் பேர், பாதி நாள் சம்பளம். அம்மாவும் அப்பாவும் ஒரே நாளில் அரைப் பேரோடு வந்தால் அந்த வீட்டில் பேச்சு எப்படி வரும்?

நான் பதினொரு வருடம் இந்த ஊர்த் தேயிலையைக் குடிக்கிறேன். என் வகுப்பிலேயே தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தச் சொல் ஒருநாளும் என் காதில் விழவில்லை. விழுந்திருக்கும், நான்தான் காது கொடுக்கவில்லை.

ஆரூரன் சமாளித்தார். "பிள்ளைகள் வீட்டில வந்து சொல்லியிருப்பினம். அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

"அப்படிங்களா?" என்ற ஜீவராணி ஜன்னல் பக்கம் போனார். வெளியே நஸீர் ஆட்டோவின் சக்கரத்திலிருந்து சேறு சுரண்டிக்கொண்டிருந்தான். "தம்பி, மலைக்குப் போனவங்க மழையில பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துட்டாங்க. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருக்காங்க. ஏன்?"

நஸீர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அரப் பேர் தானே. வேற என்ன ஈக்குது?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரிக்காதது இரண்டே பேர், ஆரூரனும் நானும். அந்த முழுப் புள்ளி வாங்கிய பிள்ளை யாரென்றும் அப்போதுதான் தெரிய வந்தது. தோட்டத்துக் கிளாக்கரின் மகளாம். அவள் வீட்டில் யாரும் மலைக்குப் போவதில்லை.

நான் எழுந்தேன். "அந்தச் சைபரைப் போட்டது நான்தான். பார்த்து எழுதினவை எண்டு எழுதினதும் நான்தான். எனக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிஞ்ச ஆக்களிட்டக் கேக்கவும் இல்லை."

சிரிப்பு நின்றது. "படிச்சவங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அந்த ஒரு சொல்லைப் போல யாரும் என்னை அதுவரை திட்டியதில்லை.

ஜீவராணி திட்டவில்லை. மன்னிக்கவும் இல்லை. "தெரியாதது தப்பில்ல டீச்சர். களவுன்னு எழுதுனீங்களே, அத அழிச்சுக் குடுங்க. அது எங்க புள்ளைங்க மேல இருக்கக் கூடாது" என்றார். எழுதித் தருகிறேன் என்றேன்.

ஆரூரன் தொண்டையைச் செருமினார். "அம்மா, நான் உண்மையைச் சொல்லுறன். இந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் புள்ளி போட்டாலும் உங்கட பாடசாலை மேல வராது. கணிதத்தில மிச்சம் குறைவு."

"வராட்டிப் போகட்டுமுங்க. எங்க புள்ளைங்க பெரிய கெட்டிக்காரங்கன்னு நான் சொல்ல வரல. கணக்குல மோசந்தான், எனக்கே தெரியும். ரெண்டு வருசமா கணக்குப் படிச்சுக்குடுக்க ஆளே இல்ல. அதையும் புள்ளைங்க அந்தப் பரீட்சையிலயே எழுதியிருக்காங்களே, நீங்க பாக்கலையா?"

எங்கே என்று ஆரூரன் கேட்டார். விதுஷாதான் சொன்னாள். பரீட்சையோடு இன்னொரு தாளும் கொடுத்தார்களாம். வீட்டில் எத்தனை அறை, படிக்க மேசை இருக்கிறதா, எத்தனை குளியலறை என்று கேட்டிருந்ததாம். குளியலறைக் கேள்விக்கு வகுப்பே சிரித்ததாம். லயத்து வரிசை வீடுகளில் பத்து வீட்டுக்கு ஒரு தண்ணீர்ப் பீலிதான். உங்கள் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்றும் கேட்டிருந்தது. கணிதம், விஞ்ஞானம் என்று இருபத்தாறு பேரும் எழுதினார்களாம்.

"ரெண்டு தாளு குடுத்தீங்க சேர்" என்றார் ஜீவராணி. "ஒண்ண மட்டும் பாத்துட்டு வந்திருக்கீங்க. வாத்தியார் இல்லன்னு புள்ளைங்க எழுதிக்குடுத்தா வாத்தியார அனுப்புங்க. வகுப்ப எதுக்கு மூடுறீங்க? மேல நிக்கிற நாடெல்லாம் அப்படித்தான் மேல போச்சா?"

ஆரூரன் பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினார். ஜீவராணி அதை வாங்கி, உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். அரைமணி நேரம் எடுத்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை. படித்து முடித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எங்களுக்குச் சரி வராதுங்க. இந்த அறை இல்லன்னா எட்டாப்பு, ஒம்பதாப்போட பொம்பளப் புள்ளைங்க நின்னுரும். பையங்க கொழும்புக் கடைக்குப் போயிருவாங்க. நான் எங்க போனேன்னு எனக்குத் தெரியும். எம்மகள அங்க அனுப்ப மாட்டேன்."

நான் சொன்னபடி திட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று தரம் எழுதினேன். தரவுகள் பூட்டப்பட்டுவிட்டன, இனித் திருத்த முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. என் சொந்தக் கையால் செய்த பிழையைத் திருத்த எனக்கே அனுமதி இல்லை. வகுப்பை மாற்றும் கட்டளையும் வந்தது. சம்மதம் வேண்டுமென்று படிவம் நீட்டியவர்கள், சம்மதம் இல்லாமலே வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

புதிய தவணைக்கு முந்திய நாள் மேசை கதிரைகளை ஏற்ற லொறி போனதாம். நஸீர்தான் வந்து சொன்னான். ஒவ்வொரு கதிரையிலும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம். எழும்பச் சொன்னால், "எங்களையும் சேத்து ஏத்துங்க, ஹாலிஎல பாத்து நாளாச்சு" என்றார்களாம். லொறிக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டு, தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டு, வெறும் லொறியோடு இறங்கிப்போனானாம். அன்றைக்கு அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் பேர் இல்லை. அரைப் பேர்கூட இல்லை.

தவணை தொடங்கி மூன்றாம் நாள் திட்ட அலுவலகம் என்னைத்தான் அனுப்பியது. எத்தனை பிள்ளைகள் மாறிப்போனார்கள் என்று நேரில் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். தண்டனையாகத்தான் அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன். போனேன்.

பத்தாம் வகுப்பு நிறைந்திருந்தது. இருபத்தாறு பேரும் இருந்தார்கள். கிளாக்கரின் மகளும் இருந்தாள். கணிதத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. அதிபர் நிமலனே கரும்பலகையில் ஏதோ சமன்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் வரலாறு படித்தவர்.

வாசலில் ஜீவராணி நின்றார். அன்றைக்கும் மலைக்குப் போகவில்லை. "என்னங்க டீச்சர், இந்தத் தடவை என்ன எழுதப் போறீங்க?" என்றார். கேலி பாதி, சந்தேகம் பாதி. சந்தேகப்பட அவருக்கு உரிமை இருக்கிறது.

படிவத்தைக் காட்டினேன். மாறிச் சென்ற மாணவர் தொகை என்ற இடத்தில் ஒருவரும் இல்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே காரணத்துக்கு நாலு பெட்டி அச்சடித்திருந்தது. சுகவீனம். போக்குவரத்து வசதியின்மை. பெற்றோரின் விழிப்புணர்வின்மை. வேறு.

"விழிப்புணர்வின்மைன்னா?"

"உங்களுக்கு விளக்கம் போதாது எண்டு சொல்லுகினம்."

ஜீவராணி வாய்விட்டுச் சிரித்தார். நான் 'வேறு' என்பதில் அடையாளம் போட்டுவிட்டுப் பக்கத்தில் "பிள்ளைகள் செல்லவில்லை" என்று எழுதினேன். அவர் படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, வழக்கம் போல மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது தப்பு டீச்சர்."

"என்ன பிழை?"

"புள்ளைங்க போகலன்னு எழுதியிருக்கீங்க. நாளைக்கு யாராச்சும் வந்து புள்ளைங்களத்தான் கேப்பாங்க. அதுங்க மேல எதையும் எழுதாதீங்க." படிவத்தைத் திருப்பித் தந்தார். "நாங்க அனுப்பலன்னு எழுதுங்க."

அடித்துவிட்டு, அப்படியே எழுதினேன்.